இரட்டைக் கையுறை

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் மொத்தமே இரண்டு நாற்காலிகள்தான். ஒன்று ஜன்னலோரம், இன்னொன்று கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். ஜன்னலோர நாற்காலி பதினோரு வருஷமாக மூத்த மருமகளுடையது. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே மாமனார் அதை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் நகர்ந்துகொண்டார். "எனக்குக் கை பழகிடுச்சு, இருட்டுலயே பல்லு புடுங்குவேன். நீ வெளிச்சத்துல நில்லும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் அந்த வீட்டில் எத்தனையோ விஷயங்களைப் பொறுத்துக்கொண்டாள்.

பிறகு மாமனாருக்கு நிஜமாகவே கை நடுங்க ஆரம்பித்தது. அவர் உள்ளறையில் எக்ஸ்ரே பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்தச் சமயத்தில் இளைய மகனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணும் பல் டாக்டர். தொட்டிப் பக்கத்து நாற்காலிக்கு ஆள் தானாக வந்தது போலாயிற்று.

ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே தொழில், ஒரே அறை, நடுவில் ஒரு துணித் தடுப்பு. இது எத்தனை நாளைக்குச் சரிப்படும் என்று வெளியில் பேசிக்கொண்டார்கள். சரிப்பட்டது, ஒன்றரை மாதம்.

ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெரியவர் ஒருவர் வந்து வாசல் மேஜையில் நின்றார். மேஜையில் இருப்பவள் சீட்டு கொடுக்கிற வேலையை இருபது வருஷமாகச் செய்து, சொந்தப் பெயரே மறந்துபோய் டோக்கன் அக்கா ஆனவள்.

"சின்ன டாக்டர் இருக்காங்களாம்மா?"

"அவங்ககிட்ட மூணு பேர் இருக்காங்க. பெரிய டாக்டர் சும்மாதான் இருக்காங்க, உடனே போயிடலாம்."

"பரவாயில்லம்மா. நான் உக்காந்திருக்கேன்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் மூத்தவள் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். சும்மாதான் இருக்காங்க என்ற சொல் அவள் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து அவளுக்குக் காது இரண்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான். அங்கே குழந்தை அழவில்லை என்றால் ஏன் அழவில்லை என்று இருக்கும். அழுதால் ஒரு நிம்மதி, அந்த நிம்மதிக்காக உடனே ஒரு வெட்கம். சாப்பாட்டு மேஜையில் மாமனார், "இன்னைக்கு அந்த வக்கீலுக்கு ஊசி போட்டா பாரு, அந்த ஆளு இன்னும் போடலியான்னு கேக்குறான்" என்று இளையவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். அதே கதையை, அதே சிரிப்போடு, ஆளை மட்டும் மாற்றி, பத்து வருஷத்துக்கு முன்னால் இவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பல்செட் செய்யும் கூடம் வைத்திருந்த அவள் புருஷனும், "நல்ல கை அதுக்கு" என்றான் ஒருநாள். அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். தண்ணீர் மேஜையிலேயே இருந்தது.

இளையவள் கெட்டவளாக இருந்திருந்தால் மூத்தவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். தெரியாததைக் கேட்டாள். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. திட்டுவதற்கு ஒரு பிடி கிடைக்காமல் மூத்தவள் உள்ளுக்குள்ளேயே புழுங்கினாள்.

இப்படி இருக்கையில்தான் அந்த லாரி டிரைவர் வந்தான். கீழ் முன்பல் பாதியாக உடைந்து, விளிம்பு கண்ணாடித் துண்டு போலக் கூராக நின்றது. கூடவே உதட்டோரத்தில் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். காய்ச்சல் கொப்புளம் என்பார்களே, அது. அவசரம் இல்லாதவரை இப்படி வருகிறவரை ஒரு வாரம் கழித்து வரச் சொல்வதுதான் அந்த ஆஸ்பத்திரி வழக்கம். மூத்தவளே அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஆனால் ஒரு வாரம் கழித்து வந்து அவன் யாரைக் கேட்பான் என்று ஒரு கணம் யோசித்தாள். "உக்காருங்க" என்றாள்.

இடது ஆள்காட்டி விரலால் அவன் கீழுதட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். பாதி வேலையில் பல்லின் விளிம்பு கையுறையைக் கிழித்தது. சின்னக் கிழிசல், நகத்தின் ஓரத்தில். வேறொரு நாளாக இருந்தால் நிறுத்தி, கழற்றி, கழுவி, புதிது போட்டிருப்பாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இளையவள் அன்றைய ஏழாவது ஆளைக் கூப்பிட்டாள். இவளுக்கு இது நாலாவது. இன்னும் ரெண்டு நிமிஷம்தானே என்று நினைத்தாள். நாளைக்கு முப்பது தடவை கழுவிக் கழுவி அவள் நகக்கண்களெல்லாம் வெடித்துப்போயிருந்தன. பல் டாக்டர்களின் கை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதை அவள் அந்த ரெண்டு நிமிஷத்தில் நினைக்கவில்லை.

ஐந்தாம் நாள் விரலில் ஒரு குறுகுறுப்பு. மறுநாள் சூடு. அதற்கடுத்த நாள் நகத்தோரம் சிவந்து வீங்கி, விண்விண் என்று தெறித்தது. நகச்சுற்று என்று நினைத்து, கருவிகளைக் கொதிக்க வைக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கீறிச் சீழை எடுத்துவிடலாம் என்று ஊசியை எடுத்தாள். கதவு திறந்தது. இளையவள்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நகச்சுத்து."

இளையவள் அருகில் வந்து தொடாமல் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மூத்தவளுக்கு அந்தப் பார்வையே பிடிக்கவில்லை.

"அக்கா, கீறாதீங்க. இது சீழ் இல்லன்னு தோணுது. பாருங்க, கொத்துக் கொத்தா இருக்கு, உள்ள தண்ணி. ஹெர்பஸா இருக்கலாம், உதட்டுல வர்ற காய்ச்சல் கொப்புளம் மாதிரி. கீறினா இன்னும் பரவும். தோல் டாக்டர்கிட்ட காமிச்சிடலாம்."

"பதினோரு வருஷமா நகச்சுத்து பாத்திருக்கேன்."

"இருக்கலாம்கா. எதுக்கும் காமிச்சிடுங்க."

ஊசியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். விரல் வலியைவிட, அது என்னவென்று இளையவளுக்கு முதலில் தெரிந்துவிட்டதுதான் வலித்தது.

தோல் டாக்டர் வெள்ளைப் புருவக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விரலைப் பார்த்தார். ஒரு கொப்புளத்திலிருந்து பஞ்சுக்குச்சியால் நீர் தொட்டுச் சோதனைக்கு அனுப்பினார்.

"ஹெர்பஸ்தான், சோதனை இல்லாமலே சொல்வேன். யார் சொன்னது கீற வேண்டாம்னு?"

மூத்தவள் விரலைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்ல ஒருத்தர்" என்றாள்.

"நல்லவேளை கேட்டீங்க. பல் டாக்டர், நர்ஸ்னு வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் இதோட எங்கிட்ட வர்றீங்க. நோயாளி வாயில இருக்கிறது உங்க விரல்ல ஏறிக்குது. கண்ணைக் கசக்கிடாதீங்க. குழந்தைங்களுக்குச் சோறு ஊட்டாதீங்க. மாத்திரை எழுதித் தர்றேன்."

"வேலைக்கு?"

"மூணு வாரம் மறந்துடுங்க. பொருக்கு தானா உதிர்ந்து, அடியில புதுத்தோல் வரணும். நான் பாத்துச் சொல்ற வரைக்கும் யார் வாயிலயும் கை வைக்கக் கூடாது."

"ரெண்டு கையுறை போட்டுக்கிட்டா?"

"நாலு போட்டாலும்."

அன்று மாலையே மாமனார் இளையவளை ஜன்னலோரம் போகச் சொன்னார். இரண்டு பேர் வேலையையும் அவள் ஒருத்தியே பார்க்க வேண்டியிருந்ததால் அது நியாயமான ஏற்பாடுதான். நியாயமாக இருந்ததுதான் மூத்தவளுக்கு ஆறவில்லை.

"வீட்ல இருந்து ரெஸ்ட் எடேன்" என்றான் புருஷன்.

"வீட்ல உக்காந்து மோட்டுவளையைப் பாக்கவா? நான் மேஜையில உக்காந்து கார்டு எழுதறேன்."

கட்டுப்போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு டோக்கன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலோர நாற்காலி நேராகத் தெரியும். காதால் கேட்டு வயிறெரிந்தது போய், இப்போது கண்ணால் பார்த்து எரிந்தது. ஆனால் பார்த்தது இளையவளின் முதுகையும், எழுந்து வருகிறவர்களின் முகத்தையும்தான். கையை அவள் பார்க்கவே இல்லை.

ஒன்பது வருஷமாக இவளைத் தவிர யாரிடமும் வாய் திறக்காத கணக்கு டீச்சர் வந்தாள். "உங்களுக்கு எப்ப சரியாகுமோ அப்ப வர்றேன்" என்று சொல்வாள் என்று மூத்தவள் காத்திருந்தாள். டீச்சர் விரலைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போனாள். அரைமணியில் வெளியே வந்து, "உங்க தங்கச்சிக்குக் கை பூ மாதிரி" என்று இவளிடமே சொல்லிவிட்டுப் போனாள்.

"தங்கச்சி இல்ல, ஓரகத்தி" என்றாள் மூத்தவள், டீச்சர் படி இறங்கிப் போன பிறகு.

அதற்கப்புறம் அவள் ஒரு சின்ன வேலை செய்தாள். வாயில் எதை வைத்தாலும் குமட்டுகிற மளிகைக் கடைக்காரர், டாக்டர் விரலைக் கடித்துவிடுகிற கட்டிட மேஸ்திரி, ஒவ்வொரு பல்லுக்கும் விளக்கம் கேட்கிற ஓய்வுபெற்ற அதிகாரி, மூன்று பேரையும் ஒரே காலையில் வரும்படி சீட்டு போட்டாள். டோக்கன் அக்கா சீட்டுகளைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். மதியம் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். மேஸ்திரி மட்டும் மேஜையில் நின்று, "இன்னைக்கு நான் கடிக்கலம்மா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பதின்மூன்றாம் நாள் இளையவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கப் போயிருந்தாள், மதியம்தான் வருவாள். மாமனார் கண் டாக்டரிடம் போயிருந்தார். மூத்தவளின் விரலில் வீக்கம் வடிந்து, பழுப்பாகப் பொருக்குக் கட்டியிருந்தது. வலி இல்லை.

முதலில் வந்தவர் பல்செட் அழுத்துகிறது என்று வந்த கிழவர். செட்டைக் கழற்றி வாங்கி ராவிக் கொடுப்பதற்கு வாயில் கை வைக்க வேண்டியதில்லை என்றுதான் எழுந்தாள். ராவிய பிறகு போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள். அடுத்து, அடைத்தது விழுந்துவிட்டது என்று ஒரு பெண்மணி. ஐந்து நிமிஷ வேலை. "டாக்டரம்மா, வேண்டாமே" என்றாள் டோக்கன் அக்கா மெதுவாக. "ரெண்டு போட்டிருக்கேன்கா" என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

மூன்றாவதாகத் தையல்காரம்மா தன் மகளோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாருடைய வெள்ளைக் கோட்டும் அவள் தைத்ததுதான். மகள் விமானப் பணிப்பெண் வேலைக்கு எழுதிப் போட்டு, அடுத்த வியாழக்கிழமை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வந்திருந்தார்கள்.

"சின்ன டாக்டர் மதியம்தான் வருவாங்க" என்றாள் டோக்கன் அக்கா அவசரமாக.

"அதனால என்ன, அவங்க வரட்டும். நாங்க இருக்கோம்" என்றாள் தையல்காரம்மா.

அந்த வார்த்தை மட்டும் வராமல் இருந்திருந்தால் மூத்தவள் ஒருவேளை அத்தோடு நிறுத்தியிருப்பாள்.

"எதுக்குக் காத்திருக்கணும்? நான் பாக்குறேன். வாம்மா, உக்காரு."

ஜன்னல் வெளிச்சம் அந்தப் பெண்ணின் முகத்தில் விழுந்தது. இருபத்தொரு வயது, அழகான வரிசைப் பற்கள். பின்பக்கம்தான் கறை. பதின்மூன்று நாள் சும்மா இருந்த கை ஆசையாக வேலை செய்தது. மேல்வரிசை முழுக்க முடித்தாள். கீழ்வரிசையில் பாதி வந்தபோது, சுரண்டும் கருவியின் நுனி எங்கோ மாட்டி விடுபட்ட மாதிரி இருந்தது. "மிச்சம் அடுத்த தடவை பாத்துக்கலாம், இன்டர்வியூக்கு இது போதும்" என்று முடித்துக்கொண்டாள்.

"வலிச்சுதா?" என்று தாய் கேட்டாள்.

"இல்லம்மா. கை பட்டதே தெரியல."

அதைக் கேட்க எத்தனை மாதமாயிற்று. மூத்தவளுக்குக் கண் கலங்கியது.

அவர்கள் போன பிறகு கையுறைகளைக் கழற்றினாள். இடது ஆள்காட்டி விரலில் மேலுறை கிழிந்திருந்தது. உள்ளுறையும் கிழிந்திருந்தது. வியர்வையில் ஊறிய விரலில், பொருக்கு இருந்த இடத்தில் பாதி வெறும் ஈரச் சிவப்பாக இருந்தது. உதிர்ந்த பொருக்கைக் கையுறைக்குள் தேடினாள், தட்டில் தேடினாள், நாற்காலியில், தரையில் தேடினாள். கிடைக்கவில்லை.

வெளியே வந்து டோக்கன் அக்காவிடம், "இன்னைக்கு நான் பாத்ததை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்கா" என்றாள். டோக்கன் அக்கா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

ஐந்து நாள் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை, ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயம் வரும்போதெல்லாம் கை பட்டதே தெரியல என்ற பேச்சை எடுத்து ஒருமுறை ருசித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை தையல்காரம்மா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறி வந்தாள். பெண்ணுக்குக் கொதிக்கிற காய்ச்சல். ஈறெல்லாம் வீங்கிச் சிவந்து, நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண். உதட்டில் கொப்புளங்கள். எச்சில் விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். மேஜையில் இருந்த மூத்தவள் விரலை மடிக்குள் மறைத்துக்கொண்டாள். 

இளையவள் அந்தப் பெண்ணை உட்கார வைத்தாள். மூத்தவளுக்கு எல்லாம் கேட்டது.

"எத்தனை நாளா?"

"ஞாயித்துக்கிழமையில இருந்து. இன்னைக்குத்தான் இப்படி. நாளன்னைக்கு இன்டர்வியூ டாக்டர்."

"இதுக்கு முன்னால இந்த மாதிரி வந்திருக்கா? வீட்ல யாருக்காவது உதட்டுல கொப்புளம்?"

"யாருக்கும் இல்லையே. இங்க சுத்தம் பண்ணிட்டுப் போனப்ப நல்லாத்தானே இருந்தா."

"இங்கயா? எப்ப?"

"போன வியாழக்கிழமை. பெரிய டாக்டர்தான் பண்ணாங்க."

 பிறகு இளையவள் சாதாரணக் குரலில் மாத்திரை சொன்னாள், குளிர்ந்த நீராகாரம் கொடுக்கச் சொன்னாள், வாய்ப் புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தொடக் கூடாது என்றாள். அவர்கள் வெளியே உட்கார்ந்ததும் கருவி கொதிக்க வைக்கும் சின்ன அறை வாசலில் வந்து நின்று, "அக்கா, ஒரு நிமிஷம்" என்றாள்.

உள்ளே போனார்கள். மூத்தவள் முந்திக்கொண்டாள்.

"சொல்லு. போய் மாமாகிட்ட சொல்லு. இதுக்குத்தானே காத்திருந்த."

இளையவள் கையுறையைக் கழற்றினாள். "எதுக்குக்கா காத்திருந்தேன்?"

"என் நாற்காலிக்கு."

அதைச் சொன்ன பிறகுதான் எவ்வளவு சின்ன வார்த்தை அது என்று மூத்தவளுக்குத் தெரிந்தது. இளையவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நான் சொல்ல மாட்டேன்கா. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லிடுங்க. அந்த அம்மாகிட்டயும், மாமாகிட்டயும். அன்னைக்கு வேற யாரையாவது பாத்தீங்களா?"

"ரெண்டு பேர்."

"அவங்களையும் கூப்பிட்டுக் கேக்கணும். அதை மட்டும் தள்ளிப் போடக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள நீங்க சொல்லலேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

மூத்தவள் சுவரில் சாய்ந்தாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு வந்தது பொறாமைதான். நல்லவளாக இருக்கிற வாய்ப்பையும் இவளே எடுத்துக்கொண்டுவிட்டாளே என்று இருந்தது. தன் இடத்தில் இவளும், இவள் இடத்தில் தானும் இருந்திருந்தால், தான் இந்நேரம் மாமனாரிடம் சொல்ல உள்ளறைக்கு ஓடியிருப்பாள் என்பது நன்றாகத் தெரிந்தது. அந்த நினைப்புதான் அவளை நகர வைத்தது.

உள்ளறையில் மாமனார் எக்ஸ்ரே ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். எதையும் மென்று முழுங்கவில்லை. கிழிந்த கையுறையையும் சொன்னாள், கிடைக்காத பொருக்கையும் சொன்னாள். அந்த லாரி டிரைவரை ஏன் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் சொன்னாள். எக்ஸ்ரேயைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது. அது வழக்கமான நடுக்கம்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"மூணு பேரா?"

"மூணு பேர் மாமா."

"மத்த ரெண்டு பேர் நம்பரை எடு. நான் பேசறேன். நீ அந்த அம்மாவை உள்ள கூட்டிட்டு வா."

"மாமா, அவங்ககிட்ட நானே..."

"நீதான் சொல்லணும். நான் கூட இருக்கேன்."

தையல்காரம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டாள். முதலில் புரியவில்லை. மூத்தவள் விரலை நீட்டிக் காட்டி, "இது என் கையில இருந்ததும்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வேலை பாத்தேன். என்கிட்ட இருந்துதான் உங்க பொண்ணுக்கு வந்திருக்கணும்" என்று இரண்டாவது தடவை சொன்னபோது புரிந்தது. அந்த அம்மா விரலைப் பார்த்தாள். அவள் விரலிலும் ஊசி குத்தின தழும்புகள் இருந்தன. கத்தப் போகிறாள் என்று மூத்தவள் தயாராக நின்றாள்.

"சின்ன டாக்டர் வரட்டும்னுதானே நான் சொன்னேன்" என்றாள் அந்த அம்மா. அவ்வளவுதான்.

மருந்துச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், நேர்காணலைத் தள்ளி வைக்கக் கேட்டுக் கடிதம் எழுதித் தருவதாகவும் மாமனார் சொன்னார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எழுந்து போகும்போது மூத்தவளின் பக்கம் திரும்பவில்லை.

பல்செட் கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடைப்புப் போட்ட பெண்மணிக்கும் ஒன்றுமில்லை, ஆனால் இனி அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டாள். இளையவள் எழுதிய கடிதத்துக்கு விமான நிறுவனம் இரண்டு வரியில் பதில் அனுப்பியது. தேதி மாற்ற இயலாது, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. புருஷன் மட்டும் அன்றிரவு படுக்கும்போது, "உனக்கு அவ மேல இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சே" என்றான்.

"தெரிஞ்சிருந்தா?"

அவன் யோசித்தான். "நல்ல கைன்னு உன் முன்னால சொல்லியிருக்க மாட்டேன்."

"உங்களுக்குச் சிரிப்பு வேற" என்று திரும்பிப் படுத்தாள். அவன் சிரிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

தோல் டாக்டர் விரலைப் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுக்க இன்னும் நான்கு வாரமாயிற்று. திரும்பி வந்த அன்று ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. இளையவள் தன் சாமான்களைத் தானே தொட்டிப் பக்கம் எடுத்துப் போயிருந்தாள். மூத்தவள் அந்த நாற்காலியில் பழையபடி வேலை பார்த்தாள். பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது சிரித்தால் இப்போதும் காது அங்கேதான் போகும். இப்போது அது போகும்போது இவள் கையுறையை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு மாதம் கழித்துத் தையல்காரம்மாவின் மகள் தனியாக வந்தாள். வாய் முழுக்க ஆறியிருந்தது. ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடப் போகிறாள். கீழ்வரிசையில் பாதி மிச்சமிருந்தது. டோக்கன் அக்கா கேட்பதற்கு முன்பே, "சின்ன டாக்டர்" என்றாள்.

உதவிக்கு நிற்கும் நர்ஸ் அன்று வரவில்லை. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க ஆள் வேண்டும். இளையவள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து டோக்கன் அக்காவைக் கூப்பிட்டாள். மூத்தவளுக்குக் கையில் வேலை இல்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தடுப்பை விலக்கிக்கொண்டு போய், நாற்காலியில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"நான் குழாயை மட்டும் பிடிச்சுக்கட்டுமா? வேணாம்னா சொல்லும்மா, அக்காவை வரச் சொல்றேன்."

அந்தப் பெண் அவள் கையைப் பார்த்தாள். மூத்தவள் கையுறை போடாத இடது கையை விளக்குக்குக் கீழே நீட்டினாள், முன்பக்கமும் பின்பக்கமும் காட்டினாள். நகத்தோரம் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.

"ம்" என்றாள் அந்தப் பெண்.

எட்டு மாதத்துக்கு மேல் ஒரே அறையில் இருந்தும், இளையவளின் கையை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேகமான கை என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தாள். வேகமே இல்லை. இளையவள் விரலைக் கன்னத்துக்குள் வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தாள். இறுகியிருந்த கன்னம் தானாகத் தளர்ந்தது. அப்புறம்தான் கருவியை எடுத்தாள். ஒவ்வொரு பல்லுக்கும் அப்படி ஒரு சின்னக் காத்திருப்பு. மூத்தவளுக்குப் பார்க்கப் பார்க்க எரிந்தது. இது தனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று எரிந்தது. இருந்தாலும் கண்ணை எடுக்கவில்லை.

அந்தப் பெண் கொப்பளித்துவிட்டுப் போன பிறகு, மூத்தவள் குழாயைக் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"முதல்ல விரலை வச்சுட்டுச் சும்மா இருந்தியே. எவ்வளவு நேரம் இருப்ப?"

"அது ஆளைப் பொறுத்ததுக்கா. மேஸ்திரிக்கு ஒரு நிமிஷம் ஆகும்."

"ஒரு நிமிஷமா? அதுக்குள்ள அவன் கடிச்சிட மாட்டானா?"

"அன்னைக்கு முதல்ல கடிச்சான். உங்ககிட்ட இல்லன்னு சொல்லிட்டுப் போனானே" என்றாள் இளையவள்.

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அந்த மூன்று பேருக்கும் ஒரே காலையில் சீட்டுப் போட்டது தான்தான் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். வெளியே டோக்கன் அக்கா அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் கை கழுவத் திரும்பினார்கள்.